ஆறாயிரத்துக்கு மேல் ஊமையான சிவிக்

யோகோஹாமாவில் இருந்தபோது பழைய ஹோண்டா சிவிக் டைப் ஆர் ஒன்று வைத்திருந்தேன், 1997-இல் வந்த இகே9 மாடல். 1.6 லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது, ஆனாலும் 8,200 ஆர்பிஎம்மில் 185 குதிரைத்திறன். (இந்த எஞ்சினின் அண்ணன் பி16ஏ 1989-லேயே லிட்டருக்கு 100 குதிரையைத் தொட்டுவிட்டது, அதுவும் சாதாரண ரோட்டுக் காரில்!) ரகசியம் விடெக், அதாவது வேகத்துக்கு ஏற்ப வால்வுகள் திறக்கும் அளவை மாற்றும் ஹோண்டாவின் அமைப்பு. ஒவ்வொரு சிலிண்டருக்கும், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் ஓரத்தில் இரண்டு குட்டை மேடு, நடுவில் உயரமாக ஒன்று. 6,000 தாண்டினால் ஆயில் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி மூன்று ராக்கர்களையும் (மேடுகள் அமுக்கும் நெம்புகோல்கள்) ஒன்றாகப் பூட்டும், வால்வுகள் உயர மேட்டின் சொல்படி ஆடும், சத்தமே மாறிவிடும்.

ஒருநாள் அந்த அலறல் வரவில்லை.

சென்சாரா, கம்ப்யூட்டரா என்று இரண்டு வாரம் குழம்பிவிட்டு டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. என் சோம்பல்தான், வேறென்ன. ஊற்றினேன், பாதி சரியானது. விடெக் வரும், போகும். அப்புறம் சிலிண்டர் ஹெட்டில் இருந்த சோலினாய்டைக் கழற்றினேன், விடெக்குக்கு ஆயிலைத் திறந்துவிடும் மின்வால்வு அது. கேஸ்கெட்டோடு சேர்ந்த சன்னமான வலை, காபி வடிகட்டியில் தங்கிய சக்கை மாதிரி கறுத்த கசடால் அடைத்துக் கிடந்தது. சோலினாய்டுக்கு 12 வோல்ட் கொடுத்தேன், 'டக்' என்றது. சரி, உயிர் இருக்கிறது. புது கேஸ்கெட், புது ஆயில், ஃபில்டர்.

எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை பொறுத்து (ஆறிய எஞ்சினில் கம்ப்யூட்டர் விடெக்கை அனுமதிக்காது) எக்ஸ்பிரஸ்வேயில் ஏறும்போது இரண்டாம் கியரில் மிதித்தேன். அலறியது.