12 சதவீத டிவிடெண்ட் ஏன் ஆபத்து: பாசிவ் இன்கம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாசிவ் இன்கம், அதாவது தினமும் உழைக்காமலே வந்துகொண்டிருக்கும் வருமானம் பற்றிப் புதிதாகப் படிக்க ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "எதில் அதிக சதவீதம் கிடைக்கும்?" கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பணத்தை யார் தருகிறார்கள், எதிலிருந்து எடுத்துத் தருகிறார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வங்கி வட்டி, டிவிடெண்ட் (நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் பணம்), ரெஃபரல் கமிஷன் (உங்கள் லிங்க் வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் கிடைக்கும் தரகு) மூன்றுக்கும் இது பொருந்தும்.

கடன் வாங்கி முதலீடு செய்யாதே, எல்லாப் பணத்தையும் ஒரே பங்கில் போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம். விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் பார்ப்போம்.

எவ்வளவு மூலதனம் வேண்டும் என்று கணக்குப் போடாமல் தொடங்குவது

மாதம் 10,000 வர வேண்டும் என்றால் ஆண்டுக்கு 1,20,000. தரமான பங்குகளின் தொகுப்பு 3 சதவீத டிவிடெண்ட் தருகிறது என்று வைத்துக்கொண்டால், தேவையான மூலதனம் 40 லட்சம். கையில் இருப்பதோ 2 லட்சம். அதிலிருந்து ஆண்டுக்கு வருவது 6,000 தான். முதல் நாளே இந்தக் கணக்கைப் போட்டவர் "இன்னும் சில ஆண்டுகளுக்கு வேலை சேமிப்பதுதான்" என்று தெளிந்துவிடுவார். போடாதவர் பாதி வழியில் அதிர்ச்சியடைந்து, "12 சதவீதம் தரும் பங்கை வாங்கினால் 10 லட்சம் போதுமே" என்று குறுக்கு வழிக்குத் திரும்புவார். கீழே விரிவாகச் சொல்லப்போகும் தவறு இங்கிருந்துதான் பிறக்கிறது.

வட்டி முழுவதையும் செலவழிப்பது

10 லட்சம் வைப்புத்தொகை, 7 சதவீத வட்டி, 20 சதவீத வரி, விலைவாசி உயர்வு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 70,000. வரி 14,000 போனால் மீதி 56,000. இதை முழுக்க வருமானம் என்று எடுத்துச் செலவழிக்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் 10 லட்சத்தின் வாங்கும் சக்தி அடுத்த ஆண்டும் அப்படியே இருக்க வேண்டுமானால் அது 10,50,000 ஆகியிருக்க வேண்டும். அதாவது 50,000 கணக்கிலேயே தங்க வேண்டும். உண்மையில் செலவழிக்கக்கூடியது 6,000 மட்டுமே.

மொத்த வட்டியையும் எடுத்துக்கொண்டே போனால், இதே 5 சதவீத விலைவாசி உயர்வில் 14 ஆண்டுகளில் அசலின் மதிப்பு பாதியாகிவிடும். பாஸ்புக்கில் எண் மாறாததால் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம், முழுத் தொகையையும் ஒரே முதிர்வுத் தேதியில் போடுவது. நடுவில் 1 லட்சம் தேவைப்பட்டால் 10 லட்சத்தையும் உடைக்க வேண்டியிருக்கும்; அபராதமும் மொத்தத்துக்கும் விழும். இரண்டு லட்சமாக ஐந்து பங்காக்கி 1, 2, 3, 4, 5 ஆண்டுகளுக்குப் போடுங்கள். ஒவ்வொன்றும் முதிரும்போது அதை மறுபடி 5 ஆண்டுக்குப் போட்டால், எல்லாமே நீண்டகால வட்டிக்கு மாறிவிடும். அதே சமயம் ஆண்டுக்கு ஒரு பங்கு கைக்கு வந்துகொண்டும் இருக்கும்.

அவசர நிதியைப் பங்கில் வைப்பது

சந்தை சரிவதும் வேலை போவதும் பல முறை ஒரே சமயத்தில் நடக்கும். ஆறு மாதச் செலவைத் தனியாகச் சேமிப்புக் கணக்கில் வைத்த பிறகே முதல் பங்கு.

டிவிடெண்ட் பட்டியலை மேலிருந்து வாங்குவது

இதைத்தான் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அடுத்து வருகிறவரும் செய்கிறார். பங்குகளை வடிகட்டும் தளத்தைத் திறப்பார். டிவிடெண்ட் ஈல்டு என்ற தலைப்பில் ஒரு கிளிக். அதிகத்திலிருந்து குறைவாக வரிசை மாறும். மேலே இருக்கும் ஐந்து பங்கை வாங்கிவிடுவார். முழு வேலையும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் ஆகும்.

ஈல்டு என்பது ஒரு வகுத்தல் கணக்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டில் தந்த டிவிடெண்டைப் பங்கின் இன்றைய விலையால் வகுக்கிறோம். விலை 500, டிவிடெண்ட் 20 என்றால் ஈல்டு 4 சதவீதம். நிறுவனத்தில் ஏதோ சிக்கல் என்று தெரிந்து விலை 250க்கு விழுந்தால், அதே 20க்கு ஈல்டு 8 சதவீதம். நிறுவனம் ஒரு காசுகூடக் கூட்டித் தரவில்லை. மேலே இருக்கும் 20 கடந்த ஆண்டில் தந்தது, கீழே இருக்கும் 250 இன்றைய விலை. சந்தை "இந்த 20 இனி வராது" என்று முடிவுகட்டிய பிறகும் பட்டியல் பழைய 20ஐயே காட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் பட்டியலின் உச்சியில் சிக்கலில் இருக்கும் நிறுவனங்கள் வந்து சேர்கின்றன.

அடுத்து நடப்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். 250க்கு வாங்கினீர்கள். நிறுவனம் டிவிடெண்டை 20லிருந்து 8 ஆகக் குறைக்கிறது. 8 சதவீதத்துக்கு ஆசைப்பட்டவருக்குக் கிடைப்பது 3.2. டிவிடெண்டை நம்பி வைத்திருந்தவர்கள் வெளியேற, விலை 180க்கு வருகிறது. பங்குக்கு 70 நஷ்டம். அந்த 70ஐ ஆண்டுக்கு 8 என்ற கணக்கில் திரும்பச் சேர்க்க ஏறக்குறைய 9 ஆண்டுகள் ஆகும், அதுவும் வரியைக் கழிக்காமல்.

சிறிய, பெயர் தெரியாத நிறுவனங்களில்தான் இது நடக்கும் என்று நினைக்க வேண்டாம். இன்டெல் 1992 முதல் டிவிடெண்ட் தந்துவந்த நிறுவனம். 2023 பிப்ரவரியில் காலாண்டு டிவிடெண்டை 36.5 சென்ட்டிலிருந்து 12.5 சென்ட்டாகக் குறைத்தது. 2024 ஆகஸ்டில், அந்த ஆண்டின் நான்காம் காலாண்டு முதல் நிறுத்துவதாகவே அறிவித்தது. அமெரிக்க மருந்துக்கடை நிறுவனம் வால்கிரீன்ஸ் 47 ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்டை உயர்த்திய பெருமை கொண்டது. 2024 ஜனவரியில் 48 சென்ட்டை 25 ஆக்கியது. ஓராண்டு கழித்து அதையும் நிறுத்தியது. ஷெல் 2020 ஏப்ரலில் 47 சென்ட்டை 16 ஆக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த நிறுவனம் டிவிடெண்டைக் குறைத்தது அதுவே முதல் முறை. "இத்தனை ஆண்டுகள் தவறாமல் தந்த நிறுவனம்" என்ற ஒரே காரணத்துக்காக எதையும் வாங்காதீர்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை கடினமானது அல்ல. ஒரு பங்குக்கு அரை மணி நேரம் போதும்.

ஆண்டறிக்கையில் பணப்புழக்க அறிக்கை என்ற பக்கத்தைத் திறங்கள். லாபநட்டக் கணக்கைப் பிறகு பார்க்கலாம். தொழிலிலிருந்து வந்த பணத்தை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து இயந்திரம், கட்டடம் போன்ற மூலதனச் செலவைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உண்மையில் பங்கிட்டுத் தரக்கூடிய பணம். அதை, தந்த மொத்த டிவிடெண்டால் வகுங்கள். விடை 1.5க்கு மேல் இருந்தால் மூச்சுவிட இடம் இருக்கிறது. 1க்குக் கீழே இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இருந்தால் அந்த டிவிடெண்ட் கடனிலிருந்தோ, பழைய கையிருப்பிலிருந்தோ, சொத்தை விற்றோ வருகிறது. அங்கே கை வைக்காதீர்கள்.

லாபத்தை மட்டும் பார்த்தால் ஏன் போதாது? பங்குக்கு லாபம் 25, டிவிடெண்ட் 20 என்றால் 80 சதவீதம்தானே கொடுக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் விற்ற சரக்குக்குப் பணம் இன்னும் வசூலாகாமல், கையில் மிஞ்சியது 14 மட்டுமே என்றால் மீதி 6க்குக் கடனோ பழைய கையிருப்போதான் வழி. லாபம் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் எண். டிவிடெண்டைப் பணமாகத்தான் தர முடியும்.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள். வங்கிகளுக்கு இந்தப் பணப்புழக்கக் கணக்கு பொருந்தாது. அங்கே மூலதன விகிதத்தையும் வாராக்கடனையும் பாருங்கள். வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் ரெய்ட்டுகளில் தேய்மானம் (கட்டடம் பழசாவதற்காகக் கணக்கில் மட்டும் கழிக்கும் தொகை) லாபத்தை மிகவும் குறைத்துக் காட்டும். அதனால் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டிய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

அடுத்து, ஒருமுறை தரும் சிறப்பு டிவிடெண்டைப் பிரித்தெடுங்கள். 300 விலையுள்ள பங்கு வழக்கமாக 6 தருகிறது. ஓர் ஆண்டு நிலம் விற்ற பணத்திலிருந்து 24 கூடுதலாகத் தந்தது. பட்டியல் இரண்டையும் கூட்டி 10 சதவீதம் என்று காட்டும். அடுத்த ஆண்டு உங்களுக்கு வரப்போவது 2 சதவீதம். சுரங்கம், எண்ணெய், கப்பல் போன்ற ஏறி இறங்கும் தொழில்களிலும் இதே கதைதான். சரக்கு விலை உச்சியில் இருந்த ஆண்டின் டிவிடெண்டை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. ஐந்து ஆண்டு டிவிடெண்டையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

குறைந்த ஈல்டு என்று ஒதுக்கப்படும் பங்கையும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 விலை, 2.5 சதவீதம், அதாவது 6.25 டிவிடெண்ட். ஆண்டுக்கு 10 சதவீதம் உயர்த்திக்கொண்டே வந்தால் 10 ஆண்டில் அது 16.2 ஆகும்; 13ஆம் ஆண்டில் 20ஐத் தாண்டும். உயர்த்தியே தீரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் விற்பனையும் கைப்பணமும் வளரும் நிறுவனத்தில் அதற்கு வாய்ப்பு இருக்கிறது. சுருங்கும் நிறுவனத்தின் 8 சதவீதத்துக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

டிவிடெண்டுக்காக முந்தைய நாள் வாங்கி மறுநாள் விற்பது

200க்கு விற்கும் பங்கு 10 தருகிறது என்றால், எக்ஸ் டேட் (இந்த நாள் முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) அன்று காலை விலை சுமார் 190லிருந்து தொடங்கும். நிறுவனத்திலிருந்து வெளியேறும் பணம் விலையிலும் குறைகிறது, அவ்வளவுதான். உங்களுக்கு வந்த 10க்கு 20 சதவீத வரி கட்டினால் 2 நஷ்டம்; தரகுக் கட்டணம் வேறு.

தேதியிலும் குழப்பம் வருகிறது. வாங்கிய பங்கு அடுத்த வர்த்தக நாளிலேயே கணக்குக்கு வந்து தீர்வாகும் சந்தைகளில் எக்ஸ் டேட்டும் ரெக்கார்டு டேட்டும் (யாருக்கு டிவிடெண்ட் என்று நிறுவனம் பங்குதாரர் பட்டியலைப் பார்க்கும் நாள்) பெரும்பாலும் ஒரே நாளில் வரும். அமெரிக்கச் சந்தை 2024 மே 28இல் இந்த முறைக்கு மாறியது. எக்ஸ் டேட் அன்று வாங்கினால் டிவிடெண்ட் கிடைக்காது. முந்தைய வர்த்தக நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும்.

ஒரே துறையில் ஐந்து பங்கு

2020 மார்ச்சில் ஐரோப்பிய மத்திய வங்கி, தன் மேற்பார்வையில் இருந்த வங்கிகளை டிவிடெண்ட் தர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. ஐந்து வங்கிப் பங்கு வைத்திருந்தவருக்கு ஐந்தும் ஒரே அறிவிப்பில் நின்றன.

ரெஃபரல் லிங்க்கைப் போட்டுவிட்டு மறந்துவிடுவது

ரெஃபரல் வருமானத்தைப் பாசிவ் என்று சொன்னாலும் அதற்குப் பராமரிப்பு உண்டு. பொருள் விற்பனை நிற்கும், பக்கம் காணாமல் போகும், திட்டமே மூடப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா லிங்க்கையும் திறந்து பார்க்க வேண்டும்.

சேரும் முன் விதிகளில் நான்கைத் தேடிப் படியுங்கள்: கிளிக் செய்தவர் எத்தனை நாளுக்குள் வாங்கினால் கமிஷன், வாடிக்கையாளர் இருக்கும்வரை வருமா ஒருமுறை மட்டுமா, குறைந்தபட்சம் எவ்வளவு சேர்ந்தால் பணம் தருவார்கள், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும். அமேசானின் ரெஃபரல் திட்டமான அமேசான் அசோசியேட்ஸில் கிளிக்கின் ஆயுள் பொதுவாக 24 மணி நேரம்தான். சேர்ந்து 180 நாளுக்குள் தகுதியான மூன்று விற்பனையாவது வராவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள்.

கமிஷன் விகிதத்தை நிறுவனம் நினைத்தால் மாற்றலாம். 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் அறைக்கலன் பிரிவின் கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 ஆக்கியது. ஒரே பிரிவை நம்பி எழுதிவந்தவர்களின் வருமானம், வாசகர் எண்ணிக்கை குறையாமலே, பாதிக்கும் கீழே போனது. மொத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே திட்டத்திலிருந்து வந்தால் இரண்டாவது திட்டத்தைத் தேட ஆரம்பியுங்கள்.

"நிலுவை" என்று காட்டும் தொகையைச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்து "அங்கீகரிக்கப்பட்டது" என்று மாறிய பிறகே அது உங்கள் பணம்.

சொந்த லிங்க்கில் சொந்தமாக வாங்குவது

பெரும்பாலான திட்டங்களில் தடை. கணக்கோடு சேர்ந்திருக்கும் கமிஷனும் போகும்.

ஆள் சேர்த்தால் காசு என்பதை ரெஃபரல் என்று நம்புவது

பொருள் விற்றதால் வரும் பணமா, புதிதாகச் சேர்கிறவர் கட்டும் பணமா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அந்த நொடியே விலகுங்கள். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க, அந்த ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்க, 13ஆம் அடுக்குக்கு மட்டும் 1,306 கோடிப் பேர் வேண்டும். உலகத்தில் அத்தனை பேர் இல்லை. சேரும்போது கட்டணம் கேட்டாலோ, உங்களுக்குக் கீழே சேர்ந்தவர் சேர்க்கும் ஆளுக்கும் பங்கு உண்டு என்று ஆசை காட்டினாலோ, உங்கள் உறவினரையும் நண்பரையும் அதற்குள் இழுக்காதீர்கள். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். உங்களை நம்பிச் சேர்ந்தவர் முகத்தில் விழிப்பது கஷ்டம்.

வங்கிக் கணக்கை மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருப்பது

பழைய கணக்கை மூடினால் டிவிடெண்ட் திரும்பிப் போகும். யாரும் கேட்காமல் கிடக்கும் டிவிடெண்ட் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு பல நாடுகளில் அரசின் நிதிக்குப் போய்விடும். மீட்க விண்ணப்பம், சான்று என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். புதிய கணக்கு எண்ணைப் பங்குக் கணக்கிலும் ஒவ்வொரு ரெஃபரல் திட்டத்திலும் பதிந்து, அடுத்த டிவிடெண்ட் புதிய கணக்கில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பழையதை மூடுங்கள். நாமினி பெயரையும் அதே நாளில் சரிபார்த்துவிடலாம்.