மூன்றாம் ஆண்டின் செப்டம்பர்: அறிவியல் முதுநிலைப் படிப்பைத் தேர்வதும் அதற்கு விண்ணப்பிப்பதும்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இயற்பியலோ கணிதமோ வேதியியலோ படிக்கும் மாணவர்கள் பலர், எம்.எஸ்சி. படிப்பதா வேண்டாமா என்ற கேள்வியை ஆறாம் பருவத் தேர்வு எழுதி முடித்த பிறகுதான் கையில் எடுக்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களும் உள்ளூர்க் கல்லூரிகளும் மே, ஜூன் வாக்கில் விண்ணப்பம் வழங்குவதால், அவற்றில் சேர நினைப்பவருக்கு இந்தப் பழக்கத்தால் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் ஐ.ஐ.டி.கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்றவற்றின் கணக்கே வேறு. அவற்றுக்கான விண்ணப்பங்கள் முந்தைய ஆண்டின் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகின்றன. கோடை பிறப்பதற்குள் பெரும்பாலான நுழைவுத்தேர்வுகளும் முடிந்துவிடுகின்றன. மே மாதத்தில் விழித்துக்கொள்பவர் ஓராண்டை இழக்கிறார், அல்லது அப்படி ஒரு வழி இருந்ததையே அறியாமல் போகிறார். ஆகவே இரண்டாம் ஆண்டு முடியும் கோடையில் முடிவெடுத்து, மூன்றாம் ஆண்டின் செப்டம்பரில் விண்ணப்ப வேலையைத் தொடங்க வேண்டும்.

எதற்காக என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

எம்.எஸ்சி. என்ற ஒரே பட்டம் பல திசைகளுக்குப் பயன்படுகிறது. எந்தத் திசை என்பதைப் பொறுத்து எங்கே படிப்பது என்பதும் மாறும். அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராவது நோக்கமானால், எம்.எஸ்சி.யோடு பி.எட். பட்டமும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வில் வெற்றியும் தேவை. இதற்கு வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய அரசுக் கல்லூரியே தாராளமாகப் போதும். கடன் வாங்கித் தொலைவிலுள்ள தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு எந்த நியாயமும் இல்லை. கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வேண்டுமென்றால் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். வங்கித் தேர்வையோ அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் தேர்வுகளையோ மனத்தில் வைத்திருப்பவருக்கு இளநிலைப் பட்டமே தகுதி. 'சும்மா இருப்பதற்குப் படிக்கலாமே' என்று அவர் எம்.எஸ்சி.யில் சேர்ந்தால், இரண்டு ஆண்டுகளில் தேர்வுக்கும் முழுமையாகத் தயாராவதில்லை, பாடத்தையும் முழுமையாகக் கற்பதில்லை என்பது என் எண்ணம்.

ஆராய்ச்சிதான் நோக்கம் என்றால் மட்டுமே, எந்த நிறுவனம் என்பது மிகப் பெரிய கேள்வியாகிறது. உடன் படிப்பவர்கள் யார், வாரந்தோறும் எத்தனை கருத்தரங்குகள் நடக்கின்றன, ஆசிரியர்கள் இப்போதும் ஆய்வு செய்துகொண்டிருக்கிறார்களா என்பவை பாடத்திட்டத்தைவிட முக்கியமானவை. ஆனால் பாடம் பிடித்திருப்பதும் ஆராய்ச்சி பிடித்திருப்பதும் ஒன்றல்ல. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குவதை இதற்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது. இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்திட்டத்தில், தேர்வு பெறும் மாணவர் உதவித்தொகையோடு இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை செய்யலாம். கணித மாணவர்களுக்கு, 1993-இல் பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கிய எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சி இருக்கிறது. இவற்றுக்கும் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்கத் தயாராக வேண்டும் என்பதால், இரண்டாம் ஆண்டின் அக்டோபரிலிருந்தே அறிவிப்புகளைக் கவனித்துவரலாம். அங்கே ஒரு கணக்கு மூன்று நாளாகப் பிடிபடாமல் இருக்கும்போது உங்களுக்கு எரிச்சல் மட்டும் வருகிறதா, அல்லது சாப்பிடும்போதும் அதே நினைவாக இருக்கிறதா என்று பாருங்கள். விடை பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

வீட்டில் எழும் கேள்வி பணத்தைப் பற்றியதாக இருக்கும். அது நியாயமான கேள்விதான். எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு. அதன் பின் முனைவர் பட்டத்துக்கு, 2022-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகளின்படி, குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. இந்தக் காலம் முழுவதும் வீட்டுப் பணத்தில் நடப்பதில்லை என்பதைப் பெற்றோருக்கு எண்களோடு சொல்லிவிடுவது நல்லது. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு, 2023 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாயும் பின்னர் 42,000 ரூபாயும், விதிப்படி வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும். எம்.எஸ்சி.யையும் முனைவர் பட்டத்தையும் இணைத்து வழங்கும் இன்டகிரேட்டட் பிஎச்.டி. படிப்பில் முதல் ஆண்டிலிருந்தே உதவித்தொகை வழங்கும் நிறுவனங்கள் உள்ளன. ஆராய்ச்சிதான் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு இதுவே சிறந்த வழி. உறுதி இல்லாதவர் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி.யைத் தேர்ந்தெடுத்தால், வேண்டாம் என்று தோன்றும்போது பட்டத்தோடு வெளியேறலாம்.

எந்தத் தேர்வு, எப்போது

முதலில் கவனிக்க வேண்டியது ஜாம் (JAM) என்ற எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வு. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் முறைவைத்து நடத்தும் இத்தேர்வுக்குச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விண்ணப்பித்து, பிப்ரவரியில் கணினி வழியே எழுத வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், நிலவியல், பொருளியல் என ஏழு தாள்கள் உண்டு. அவற்றில் இரண்டு வரை எழுதலாம். இறுதியாண்டில் படிப்பவர்களும் எழுதலாம். வயது வரம்பு இல்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் கட்டணம் ஏறக்குறைய பாதிதான். ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி. இடங்களுக்கு மட்டுமல்லாமல், என்.ஐ.டி.களுக்கான மையக் கலந்தாய்வுக்கும், இந்திய அறிவியல் கழகத்தின் இன்டகிரேட்டட் பிஎச்.டி.க்கும் இதே மதிப்பெண் பயன்படுகிறது. ஆகவே ஒரே ஒரு தேர்வுதான் எழுத முடியும் என்ற நிலையில் இருப்பவர் இதை எழுதட்டும்.

மூன்று மணி நேரம், 60 வினா, 100 மதிப்பெண். முதல் பகுதியின் 30 வினாக்களில் மட்டும் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் கொண்ட 10 வினாக்களிலும், எண்ணை விடையாகத் தட்டச்சு செய்யும் 20 வினாக்களிலும் குறையாது. நம் பல்கலைக்கழகத் தேர்வுகளில் தேற்றத்தை நிறுவுவதும் சமன்பாட்டைத் தருவிப்பதுமே கேட்கப்படுவதால், மனப்பாடமாக எழுதிப் பழகிய கை இங்கே தடுமாறும். ஜாம் கேட்பது அந்தச் சமன்பாட்டை ஒரு புதிய சூழலில் போட்டு எண்ணை வரவழைக்கும் திறனை. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தப் பயிற்சி மையத்திலும் பணம் கட்டுவதற்கு முன், அவற்றில் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். அடிப்படையில் இடைவெளி இருக்கும் பாடங்களுக்கு ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் இணையத்தில் வழங்கும் என்.பி.டெல். விரிவுரைகள் உள்ளன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். டாடா நிறுவனத்தின் தேர்வு வழக்கமாக டிசம்பரில் நடக்கும். கடினமானது, ஆனால் எழுதிப் பார்ப்பதால் நட்டம் இல்லை. கணித அறிவியல் நிறுவனம் இயற்பியல் மாணவர்களை ஜெஸ்ட் (JEST) என்ற கூட்டு நுழைவுத்தேர்வின் வழியாகவும் எடுக்கிறது. திருவாரூரிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றில் எம்.எஸ்சி. சேர சியூஇடி பிஜி என்ற முதுநிலைப் பொது நுழைவுத்தேர்வை எழுத வேண்டும். இதற்கு விண்ணப்பம் புத்தாண்டையொட்டியும் தேர்வு மார்ச் வாக்கிலும் வரும். சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதக் கழகம் தனியாக ஒரு தேர்வு நடத்துகிறது. அது கோடையில் வருவதால், பிப்ரவரியில் சறுக்கியவர்களுக்கு இன்னொரு வாய்ப்பாக அமையும். அதன் பழைய வினாத்தாள்களும் கழகத்தின் தளத்திலேயே உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இராமானுஜன் உயர்கணித நிறுவனம், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளை 'கிடைக்காவிட்டால் போகும் இடம்' என்று தள்ளிவிட வேண்டாம். குறைந்த கட்டணத்தில் நல்ல ஆசிரியர்களிடம் படிக்கக்கூடிய இடங்கள் அவை.

காகிதங்கள்

தமிழ்நாட்டு மாணவர்கள் அதிகம் இடறுவது வினாத்தாளில் அல்ல, சான்றிதழ்களில். குறிப்பாகச் சாதிச் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. அட்டை மாநில இடஒதுக்கீட்டுக்கானது. மத்திய நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை. அவை கேட்பது, மத்திய அரசின் படிவத்தில் வட்டாட்சியர் வழங்கும் ஓ.பி.சி. சான்றிதழ், அதில் விண்ணப்பதாரர் கிரீமி லேயரை (வசதி படைத்த பிரிவை)ச் சேர்ந்தவர் அல்லர் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். எந்தத் தேதிக்குப் பின் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு அறிவிப்பும் தனியே சொல்லும். மாநிலப் பட்டியலில் உள்ள சாதிகள் அனைத்தும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால், உங்கள் சாதிப் பெயர் அங்கே உள்ளதா என்று முதலில் பார்த்துவிட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ஆண்டு வருமான வரம்பு எட்டு லட்சம் என்று கேட்டதும் அரசு ஊழியர், விவசாயி வீட்டுப் பிள்ளைகள் சிலர் தமக்குத் தகுதி இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேர்க்கப்படுவதில்லை. பெற்றோர் வகிக்கும் பதவியின் நிலையும் நில உடைமையின் அளவும் தனியாகப் பார்க்கப்படும். சான்றிதழ் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து பின்னால், ஆதாரில் முன்னால், கல்லூரிப் பட்டியலில் தந்தை பெயர் முழுதாக என மூன்று விதமாக இருப்பது நம் ஊரில் சாதாரணம். விண்ணப்பத்தில் எந்தச் சான்றைப் பின்பற்றச் சொல்கிறார்களோ அதில் உள்ளபடி ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதி, ஆதாரை அதற்கேற்ப முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் அலைடு பாடங்களின் பாடத்திட்டத்தையும் எடுத்து வைத்திருங்கள். எந்தத் துணைப்பாடத்தை எத்தனை பருவம் படித்திருக்க வேண்டும் என்று சில துறைகள் நிபந்தனை விதிக்கின்றன; மதிப்பெண் பட்டியலில் உள்ள தலைப்பை மட்டும் வைத்து அதை மெய்ப்பிப்பது சில நேரம் கடினம்.

கோடைத் திட்டங்களுக்கும் சில நிறுவனங்களுக்கும் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். துறைத் தலைவரிடம் போய், நன்னடத்தைச் சான்றிதழின் நடையில் நான்கு வரி வாங்கி வருவது பயன் தராது. வகுப்பில் நீங்கள் கேட்ட கேள்விகளை நினைவில் வைத்திருக்கும் ஆசிரியர், பதவியில் இளையவராக இருந்தாலும், எழுதும் கடிதமே எடுபடும். மூன்று வாரம் முன்னதாகவே கேளுங்கள். மதிப்பெண் பட்டியலையும், அவரிடம் படித்த பாடத்தில் நீங்கள் செய்த செயல்திட்டத்தின் சுருக்கத்தையும் கொடுத்துவிட்டு, கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை பணிவாக நினைவூட்டுங்கள்.

நேர்முகத் தேர்வும் இடத் தேர்வும்

இன்டகிரேட்டட் பிஎச்.டி. இடங்களுக்கு எழுத்துத் தேர்வோடு நேர்முகமும் உண்டு. பல இடங்களில் உங்களுக்குப் பிடித்த பாடம் எது என்று கேட்டுவிட்டு அதிலேயே ஆழமாக இறங்குவார்கள். ஆகையால் குவாண்டம் இயக்கவியல் என்று பெருமைக்குச் சொல்வதைவிட, உண்மையிலேயே கரைகண்ட பாடம் அலைவுகள்தான் என்றால் அதைச் சொல்வதே புத்திசாலித்தனம். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தை எண்ணி அஞ்சுகிறார்கள். படம் வரைந்து, சமன்பாட்டை எழுதி, குட்டி வாக்கியங்களில் விளக்கினாலே போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த இடத்திலிருந்து யோசிக்கத் தொடங்குபவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

மார்ச்சில் ஜாம் முடிவு வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. சேர்க்கைக்கான இணையதளத்தில் தனியாக விண்ணப்பித்து, விருப்ப வரிசையைக் கொடுக்க வேண்டும். 'நமக்கு இது கிடைக்காது' என்று கணித்து வரிசையை மாற்றாமல், உண்மையில் விரும்பும் இடத்தையே முதலில் வையுங்கள். மேலே இருப்பது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கான வாய்ப்பு அதனால் குறைவதில்லை. இடம் ஒதுக்கப்பட்டதும் அதை உறுதியாக ஏற்கலாம், அல்லது ஏற்றுக்கொண்டே மேலான இடத்துக்குக் காத்திருக்கலாம்; இரண்டுக்கும் குறித்த நாளுக்குள் பணம் கட்டியாக வேண்டும். ஆறாம் பருவ முடிவும் தற்காலிகச் சான்றிதழும் தாமதமானால், எந்தத் தேதிவரை அவற்றைச் சமர்ப்பிக்க அவகாசம் உண்டு என்பதைச் சேர்க்கைக் கடிதத்தில் பார்த்து, அந்தத் தேதியைக் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்து மூலமாகத் தெரிவித்துவிடுங்கள்.