ஹோமர் குஞ்சுக்கு முதல் பாடம்: கூண்டுக்குள் நுழைவது

மொட்டை மாடியில் கூண்டு, ஒரு ஜோடி ஹோமர் (தொலைவில் விட்டாலும் கூண்டு தேடித் திரும்பும் பந்தயப் புறா), அவற்றின் குஞ்சுகள். இவ்வளவும் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வட சென்னையிலிருந்து பழக்கும் முறை இது. வேறு ஊர்க்காரர்கள் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1. குஞ்சு பொரித்து ஏழாம் நாள் வாக்கில் காலில் அடையாள வளையம் போடுங்கள். பத்து நாள் தாண்டினால் கால் பருத்துவிடும், வளையம் ஏறாது. முன்விரல் மூன்றையும் சேர்த்து நுழைத்து, பின்விரலைக் காலோடு மடக்கி வெளியே எடுத்தால் முடிந்தது. நான்கு வாரத்தில் தானாகத் தின்னும்போது தாய் தகப்பனிடமிருந்து பிரித்துவிடுங்கள்.

படி 2. என்னை ரொம்ப நாள் படுத்தியது இதுதான். புறா நன்றாகப் பறந்து வரும், ஆனால் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துவிடும். பந்தயத்தில் அது உள்ளே வந்து நேரம் பதிவானால்தான் கணக்கு. 140 கிலோமீட்டரை நிமிடத்துக்கு 1200 மீட்டர் வேகத்தில் கடந்த புறா, தொட்டி மேல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அதன் வேகம் 1150 ஆகிவிடுகிறது. அதற்குள் சுமாரான புறா ஒன்று முந்திவிடும்.

எனவே பறக்க விடுவதற்கு முன்பே நுழையக் கற்றுக்கொடுங்கள். வாசலுக்கு வெளியே ஒரு கம்பிவலைப் பெட்டியைப் பொருத்தி, குஞ்சுகளை மாலையில் அதில் விடுங்கள். சுற்றுப்புறத்தை அவை நிதானமாகப் பார்க்கட்டும். பிறகு தீனி டப்பாவைக் குலுக்கி உள்ளே அழையுங்கள். வாசலில் தொங்கும் கம்பிகளை (புறா தள்ளிக்கொண்டு உள்ளே வரலாம், வெளியே போக முடியாது) முதலில் மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள். தயங்காமல் நுழையும்போது இரண்டை மட்டும் இறக்குங்கள், அப்புறம் எல்லாவற்றையும். ஒரேயடியாக இறக்கினால் குஞ்சு மிரண்டுபோகும். கம்பிக்கு அலுமினியமே நல்லது. இரும்புக் கம்பி கனமாக இருக்கும், மழைக்குத் துருவும் பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தீனி அளவு. ஒரு புறாவுக்கு நாளைக்கு சுமார் 30 கிராம் போதும். கம்பு, சோளம், மக்காச்சோளம், பச்சைப்பயறு கலந்து கொடுக்கலாம். வயிறு நிறைந்த குஞ்சை வெளியே விடவே விடாதீர்கள். மாலைத் தீனிக்கு முன்தான் விட வேண்டும். கீழே இறங்காவிட்டால் குச்சி எடுத்து விரட்டுவது, கல்லெறிவது எதுவும் வேண்டாம். அதன் பிறகு வாசலைக் கண்டாலே பயப்படும்.

தீனியின் சக்திக்கு ஒடிசா காவல்துறையின் புறா அஞ்சலே சாட்சி. ஓரிடத்தில் தங்கவும் இன்னோரிடத்தில் தின்னவும் பழக்கி, ஒரே புறாவை இரண்டு ஊருக்கும் போய்வர வைத்தார்கள்.

படி 3. குஞ்சுகள் கூட்டமாகக் கிளம்பி, கண்ணில் படாமல் சுற்றிவிட்டுத் திரும்பத் தொடங்கினால் வெளியூர்ப் பயிற்சிக்குத் தயார். முதல் நாள் இரவே கூடையில் வைத்துப் பழக்குங்கள். செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை, கூடூர் என்று வடக்கே தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். போனதும் திறக்காமல் கொஞ்ச நேரம் கூடையை வெளிச்சத்தில் வையுங்கள். புறா சூரியனையும் பூமியின் காந்தப்புலத்தையும் வைத்துத் திசை அறிகிறது. மூடுபனி, மழைமூட்டம் என்றால் கூடையோடு வீடு திரும்பிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: "பெரிய புறா வாங்கினேன், விட்டதும் பழைய வீட்டுக்கே போய்விட்டது" என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வேறிடத்தில் பறந்து பழகிய ஹோமர் அப்படித்தான் செய்யும். அதைப் பூட்டியே வைத்து, அதன் குஞ்சுகளைப் பறக்க விடுங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: சென்னையில் வல்லூறுக்கு இணையான ஆபத்து மாஞ்சா நூல். பட்டம் பறக்கும் மாலைகளில் பயிற்சியைக் காலைக்கு மாற்றிவிடுங்கள். இறக்கையில் நூல் சிக்கி வந்தால் இழுக்காதீர்கள். புறாவைத் துணியில் பொதிந்து பிடித்து, நூலைத் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். வெட்டு ஆழமாக இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காயம் ஆறி, மாடிக்கு மேல் தானாக வட்டம் போடும்வரை அதைக் கூடையில் ஏற்ற வேண்டாம்.