16 லீட்டர் டேங்க் எத்தனை பேர்ச்சுக்கு காணும்? மருந்தடிக்க முதல் போட வேண்டிய கணக்கு

மருந்துப் போத்தல்ல அளவு ஏக்கருக்கு இவ்வளவு எண்டு போட்டிருக்கும், ஆனா ஹோமாகம, பிலியந்தல பக்கம் 20 பேர்ச்சில மிளகாயும் பயித்தங்காயும் வச்சிருக்கிற ஆள் அதை வச்சு என்ன செய்யிறது? கடையில கேட்டா "டேங்குக்கு ரெண்டு மூடி போடுங்க" எண்டுவாங்க. முதுகுல மாட்டி அடிக்கிற பம்புட ஒரு டேங்க் எவ்வளவு இடத்துக்குப் போகுது எண்டு தெரியாம மூடிக்கணக்கு போட்டு வேலையில்ல.

முதல்ல நொசில், அதாவது மருந்து தெளிச்சு வெளிய வாற முனை. பூச்சி மருந்து, பங்கசு மருந்துக்கு கூம்பு நொசில், இலைக்கு அடியிலயும் படும். களைநாசினிக்கு தட்டை நொசில், துளி கொஞ்சம் பெருசா விழும், காத்துல பக்கத்து வீட்டுச் செடிக்குப் போறது குறைவு. கையில இருக்கிறது எது எண்டு தெரியாட்டி வெறும் தண்ணிய சீமெந்துத் தரையில அசைக்காம அடிச்சுப் பாருங்க, நடு காய்ஞ்சு சுத்திவர வளையமா நனைஞ்சா கூம்பு, நீளக் கோடா நனைஞ்சா தட்டை. தட்டையில நிறமும் கணக்கு, 3 பார் அழுத்தத்துல மஞ்சள் நிமிஷத்துக்கு 0.8 லீட்டர், நீலம் 1.2 லீட்டர் விடும், கைப்பம்புல அந்தளவு அழுத்தம் வராட்டி அதைவிடக் குறையும். திருகித் திருகி மாத்துற பித்தளை நொசில் எனக்குப் பிடிக்காது, கொஞ்சம் திருகினாலே போட்ட கணக்கெல்லாம் போச்சு.

இப்ப மெயின் வேலை. 33 அடிக்கு 33 அடி சதுரம் ஒண்டு அளந்து நாலு மூலையிலயும் குச்சி நடுங்க, அது சரியா 4 பேர்ச். டேங்க்ல 10 லீட்டர் தண்ணி மட்டும் அளந்து ஊத்தி, வழக்கமா நடக்கிற வேகத்துல, ஒரே சீரா பம்ப் பண்ணி, சதுரம் முழுக்க அடிங்க. மிச்சத் தண்ணிய அளவுச் சாடியில ஊத்திப் பாருங்க. 5.5 மிச்சம் எண்டா செலவு 4.5. ஏக்கர் 160 பேர்ச்தானே, அப்ப 40ஆல பெருக்குங்க, ஏக்கருக்கு 180 லீட்டர். லேபிள்ல ஹெக்டயர் கணக்கு இருந்தா அந்த மருந்தளவை 2.5ஆல பிரிச்சா ஏக்கருக்கு வரும்.

லேபிள் ஏக்கருக்கு 400 மில்லி கேட்குது எண்டு வைங்க. உங்கட 20 பேர்ச்சுக்கு 50 மில்லி, தண்ணி 22.5 லீட்டர். 16 லீட்டர் டேங்க் 14 பேர்ச்சுக்கு கொஞ்சம் கூடக் காணும், அதுக்கு 35 மில்லி சொச்சம், மிச்ச மருந்து ரெண்டாவது 6.5 லீட்டருக்கு. மூடிய விட்டுட்டு பாமசியில வாங்கிற சிரிஞ்சால அளங்க.

லேபிள்ல சொன்ன தண்ணிக்கு கூடவோ குறையவோ வந்தா பம்ப அடிச்சு சரிபண்ணப் பார்க்காதீங்க, தண்ணி ரெண்டு மடங்கு வரணும் எண்டா அழுத்தம் நாலு மடங்கு வேணும், கைதான் வலிக்கும், துளியும் பொடியாகிப் பறக்கும். நடையக் கூட்டுங்க இல்லாட்டிக் குறைங்க, அதுலயும் சரிவராட்டி நொசில் மாத்துங்க. கொழும்புப் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு கடல்காத்து கிளம்பிரும், காலையிலயே முடிச்சிருங்க.

புது நொசில் வாங்கின அண்டைக்கே ஒரு நிமிஷம் வாளிக்குள்ள அடிச்சு அளவை டேங்க்லயே மார்க்கரால எழுதி வைங்க. பிறகு அதைவிட 10 வீதம் கூட வந்தா துவாரம் தேய்ஞ்சிட்டு, மாத்தணும். அடைச்சா கம்பி விட்டுக் குத்தாதீங்க, வாயால ஊதவே வேணாம், பழைய டூத் பிரஷ் போதும். வீட்டுல வேற ஆள் அடிக்கிறதா இருந்தா அவருக்கு அந்த 33 அடிச் சதுரத்த தனியா அளக்கணும், நடை வேற, கணக்கும் வேற.