வீட்டு கிரெச்சில் தமிழோடு இங்கிலீஷும்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் செய்முறை

புதுச்சேரியில் வீட்டோடு கிரெச் தொடங்கும் யாரிடமும் பெற்றோர் முதலில் கேட்பது, "இங்கிலீஷ்ல பேசுவீங்களா?" என்பதுதான். தாராளமாகப் பேசலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மொழி ஒரு சுமையே இல்லை. ஆனால் இங்கிலீஷுக்கு இடம் விடுகிறேன் என்று தமிழைக் குறைத்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் நிற்கும். நமக்கு வாய் நிறையப் பேச வருவது தமிழ். கதை, கொஞ்சல், கண்டிப்பு, கேலி எல்லாம் அதில்தான் தடையில்லாமல் வரும். தமிழை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவது மொழியைச் சேர்ப்பது எப்படி என்று, லாஸ்பேட்டையில் என் வீட்டில் நடக்கிற முறைப்படி சொல்கிறேன்.

முதல் வேலை: வீட்டு மொழியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

சேர்க்க வரும் அன்றே, வீட்டில் யார் யார் பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். இந்த ஊரில் அதை நாமாக ஊகிக்க முடியாது. ஜிப்மர் வேலைக்காக வந்த ஒடியாக் குடும்பம் இருக்கும். மாஹேயிலிருந்து மாற்றலாகி வந்த மலையாளக் குடும்பமோ ஏனாமிலிருந்து வந்த தெலுங்குக் குடும்பமோ இருக்கும். சொல்தா வீட்டுப் பிள்ளை, அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர் குடும்பத்துப் பிள்ளை என்றால் தாத்தா பிரெஞ்சிலேயே கொஞ்சுவார். தண்ணீருக்கு, பாலுக்கு, ஒன்னுக்குப் போக, தூக்கத்துக்கு, வலிக்கு அந்தக் குழந்தை என்ன சொல்லும் என்பதை ஒரு நோட்டில் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாத குழந்தை முதல் வாரம் அழாமல் இருக்க இந்தச் சில சொற்கள் போதும்.

எந்த வேளைக்கு எந்த மொழி

வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு மொழி வைத்துக்கொள்ளலாம். இது பழைய முறைதான். ழூல் ரோன்ழா என்ற பிரெஞ்சு மொழியியலாளர், தான் பிரெஞ்சிலும் மனைவி ஜெர்மனிலும் பேசி மகனை வளர்த்த விவரத்தை 1913-லேயே எழுதிவைத்தார்.

நம்மில் பலர் தனி ஆள். அப்போது வேளையைப் பிரிப்பதுதான் சரிப்படும். காலை பத்தரைக்குப் பழம் கொடுக்கக் கை கழுவுவதில் தொடங்கி, பழம் தின்று முடிக்கும் வரை இங்கிலீஷ். மற்ற நேரமெல்லாம் தமிழ். தொடக்கத்தில் இந்த அரை மணி நேரம் போதும். பழகிய பிறகு அதற்கு அடுத்து வரும் விளையாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த நேரம் வந்துவிட்டது என்று குழந்தைக்குத் தெரிய ஓர் அடையாளம் வேண்டும். நான் நீலப் பாயை விரிப்பேன்.

ஒரே ஒரு விதிவிலக்கு. விழுந்து அடிபட்டாலோ, பயந்தாலோ, காய்ச்சலில் சிணுங்கினாலோ மணியைப் பார்க்காதீர்கள். அந்தக் குழந்தையின் வீட்டு மொழியில் பேசுங்கள்.

கை கழுவுவதில் தொடங்குங்கள்

படம் போட்ட அட்டையெல்லாம் வாங்க வேண்டாம். தினமும் செய்கிற ஒரு வேலை, அதே வரிசையில், அதே சொற்களோடு நடந்தால் போதும். பின்கட்டுக் குழாயடியில் வரிசையாக நிற்கும்போது "லெட்ஸ் வாஷ் அவர் ஹேண்ட்ஸ்". குழாயைத் திருகும்போது "வாட்டர் ஆன்". சோப்பை உள்ளங்கையில் வைத்துவிட்டு "ரப், ரப், ரப்". நுரையை ஊதும்போது "பபிள்ஸ்!" கையை உதறும்போது "ஷேக், ஷேக்". துண்டில் துடைத்து "ஆல் டன்". சொல்லும் செயலும் ஒரே நொடியில் சேர்ந்து வரவேண்டும். சோப்பு கையில் இல்லாமல் "ரப்" என்று சொல்வதில் பயனில்லை.

முதல் சில நாள் நாம் மட்டும்தான் பேசுவோம். அப்புறம், சோப்பைக் கையில் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஏதாவது ஒரு குழந்தை "அப், அப்" என்று ஆரம்பிக்கும். "யெஸ்! ரப், ரப்!" என்று சேர்ந்து சொல்லுங்கள். உச்சரிப்பைத் திருத்தாதீர்கள்.

இங்கே பலரும் செய்வது ஒன்று உண்டு. "வாஷ் யுவர் ஹேண்ட்ஸ், கை கழுவுடா" என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் உடனே தமிழிலும் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், தமிழ் எப்படியும் வரப்போகிறது என்று குழந்தை முதல் பாதியைக் காதில் வாங்காது. புரியவில்லை என்றால் கையால் செய்து காட்டுங்கள்.

கலந்து பேசினால்

பிள்ளை "அத்தை, ரெட் பால் வேணும்" என்று கேட்கும். குழப்பமோ என்று பயப்பட வேண்டாம், தனக்குத் தெரிந்ததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறது, அவ்வளவுதான். இங்கிலீஷ் வேளையாக இருந்தால் "யூ வான்ட் த ரெட் பால்? ஹியர் இட் இஸ்" என்று பந்தைக் கொடுங்கள். தமிழ் வேளையில் "சிவப்புப் பந்து வேணுமா? இந்தா, பிடி". கண்டிக்காமல் முழு வாக்கியத்தைக் காதில் விழவைத்தால் போதும். "சரியா சொன்னாதான் தருவேன்" என்று பந்தைப் பிடித்து வைக்காதீர்கள்.

சில பிள்ளைகள் புது மொழியில் மாதக்கணக்கில் வாயே திறக்க மாட்டார்கள். சொன்னதைச் செய்கிறார்களா, கண்ணால் பின்தொடர்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். உறவினர் வரும்போது நிறுத்திவைத்து "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டால் பேச இருந்த குழந்தையும் பேசாது.

சாப்பாடும் தூக்கமும் தமிழில்

மதியச் சாப்பாட்டை இங்கிலீஷுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நாளிலேயே பேச்சு அதிகம் வருகிற நேரம் அது. "ரசம் சுடுதா? ஊதி ஊதிச் சாப்பிடு. கீரை கொஞ்சம் துவர்க்குது இல்ல?" நெல்லிக்காயைக் கடித்துத் தண்ணீர் குடித்து, "இப்ப இனிக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள், இரண்டரை வயதுப் பிள்ளை எவ்வளவு பேசுகிறது என்று தெரியும். நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி மெல்லிசாக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும்.

தூங்க வைக்கத் தாலாட்டு. வேறு மொழிப் பிள்ளை என்றால் அம்மாவிடம் சொல்லி அவர்கள் வீட்டுத் தாலாட்டை ஃபோனில் பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கதையும் விளையாட்டும்

சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் இங்கிலீஷும் சேர்ந்த படக்கதைகள் போடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு கதையை முதலில் சில நாள் தமிழில் மட்டும் சொல்லுங்கள். கதை பிள்ளைக்கு மனப்பாடமான பிறகு அதையே நீலப் பாயில் இங்கிலீஷில் சொல்லுங்கள். கதை தெரிந்திருப்பதால் மொழி தானாகப் புரியும்.

எண்ணி விளையாட இரண்டு மொழியும் நல்லது. ஆனால் மூன்று வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருக்கும் அறையில் சோழி, புளியங்கொட்டை, வேர்க்கடலை கூடவே கூடாது. தொண்டையில் சிக்கிவிடும். கிண்ணம், மரக்கரண்டி, துவைத்த சாக்ஸ் இவற்றை வைத்து எண்ணலாம்.

ஃபோன் வீடியோவை ஆசிரியராக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னபடி இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயது ஆகும் வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியவை

"வீட்டிலயும் இங்கிலீஷே பேசட்டுமா?" என்று கேட்பார்கள். உங்களுக்கு வாய் நிறைய வருகிற மொழியிலேயே பேசுங்கள் என்று சொல்லுங்கள். எழுதவைக்கச் சொல்லி நெருக்கினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தைப் பார்த்துப் பழக வேண்டும் என்றால் கடற்கரைப் பக்கம் நடக்கும்போது தெருமுனை நீலப் பலகைகளைக் காட்டச் சொல்லுங்கள். அவற்றில் தமிழும் பிரெஞ்சும் ஒன்றாகவே இருக்கும்.

பேச்சு தாமதமானால் இரண்டு மொழிமேல் பழி போடுவார்கள். இரண்டு மொழியால் தாமதம் வராது. இரண்டிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டும் ஒன்றரை வயதுக்குள் ஒரு சொல்லும் வரவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, அல்லது வந்த பேச்சு நின்றுபோகிறது என்றால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் அனுப்பி, காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சி தேவைப்பட்டாலும் வீட்டு மொழியை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தை இரண்டு மொழியிலும் சொல்லும் சொற்களை அந்த நோட்டிலிருந்து ஒரு தாளில் எழுதி, மருத்துவரிடம் காட்டப் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.