மாவட்டங்களை ஒப்பிடும் சுகாதாரக் குறியீடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் எந்தப் பதிவேடு இருக்கிறதோ அதிலிருந்து குறியீட்டை எடுப்பதுதான் முதல் தவறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிச் சீட்டுக் கணக்கு இருக்கிறது என்பதற்காக ‘மாதம் எத்தனை பேர் வந்தார்கள்’ என்பதைச் செயல்திறன் என்கிறோம். அந்த எண் கூடியது மருந்து ஒழுங்காகக் கிடைப்பதாலா, டெங்கு பரவியதாலா என்று அது சொல்லாது. எண் ஏறினால் என்ன செய்வோம், இறங்கினால் என்ன செய்வோம் என்று ஒரு வரியில் எழுத முடியாத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். சிசேரியன் விகிதம் இதற்கு நல்ல உதாரணம். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9%, தனியார் மருத்துவமனைகளில் 63.8%, அரசு மருத்துவமனைகளில் 36%. மிக அதிகமானால் தேவையில்லாத அறுவை நடக்கிறது. மிகக் குறைந்தால் தேவைப்பட்ட தாய்க்கு அது கிடைக்கவில்லை. இதை வைத்து முதலிடம், கடைசி இடம் போட முடியாது. முதல் பிரசவம், ஒற்றைக் குழந்தை, தலை கீழே, மாதம் நிறைந்தது என்ற ஒரே வகைத் தாய்மாரை மட்டும் பிரித்து ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு.

ஒப்பீடு பெரும்பாலும் கெடுவது பின்னத்தின் தொகுதியில் (மேல் எண்ணில்) அல்ல, பகுதியில் (கீழ் எண்ணில்). அதாவது எதால் வகுக்கிறோம் என்பதில். திருப்பூரில் கர்ப்பம் பதிவான பெண் வளைகாப்பு முடிந்து தேனியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகிறாள். பிரசவம் அங்கே. குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் போடும் பெண்டாவேலன்ட் ஊசியும் (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) அங்கேதான். பதினான்காவது வார ஊசிக்குள் கணவன் ஊருக்குத் திரும்பிவிடலாம். எதிர்பார்க்கும் குழந்தைகளின் எண்ணிக்கையை மக்கள்தொகையிலிருந்து கணக்கிட்டு வகுத்தால் ஓர் ஊரில் முதல் ஊசி 104% என்று வரும், இன்னோர் ஊரில் 88%. இரண்டிலும் செவிலியரின் வேலையில் குறை இல்லை. அந்த 104-ஐ வெட்டி 100 என்று எழுதுவது பெரிய பிழை, ஏனென்றால் பகுதி தவறு என்று காட்டிய ஒரே தடயம் அதுதான். தாயின் பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதியும்போது தரும் அடையாள எண்) பிடித்து அவள் வசிக்கும் ஊரின் கணக்கில் சேருங்கள். முதல் ஊசி போட்ட அதே குழந்தைகளில் எத்தனை பேர் மூன்றாவதையும் போட்டார்கள் என்று பாருங்கள்.

ரத்த அழுத்தத்திலும் இதே வலைதான். பதிவானவர்கள் 100, இந்தக் காலாண்டில் வந்தவர்கள் 40, அவர்களில் 140/90-க்குக் கீழே 30 பேர். கட்டுப்பாடு 75% என்றும் எழுதலாம், 30% என்றும் எழுதலாம். வராத 60 பேரும் நம் பொறுப்பில் இருப்பவர்கள்தான். அவர்களைப் பகுதியிலிருந்து நீக்கினால், நோயாளிகளைக் கைவிட்ட நிலையத்துக்கே நல்ல மதிப்பெண் கிடைக்கும். இலக்கு வைத்த பிறகு பதிவேட்டையும் கூர்ந்து பாருங்கள். 138/88 அடுக்கடுக்காக வந்தால் சந்தேகப்பட வேண்டும். டிஜிட்டல் கருவியில் கடைசி இலக்கம் 0 என்பது ஏறத்தாழ பத்தில் ஒரு முறைதான் வரும். பத்தில் நான்கு முறை வந்தால் எண் கருவியிலிருந்து வரவில்லை.

தாய்மார் இறப்பு விகிதத்தை மாவட்டவாரியாக, ஆண்டுவாரியாக ஒப்பிடுவது மிக அநியாயம். 10,000 பிறப்புக்கு ஒரு மாவட்டத்தில் 4 இறப்பு, பக்கத்து மாவட்டத்தில் 6. லட்சத்துக்கு 40, 60 என்று எழுதியதும் ஒன்று சிறந்தது, மற்றது மோசம் என்று தோன்றும். ஆனால் 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது தற்செயல் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுத்தால் உண்மை விகிதம் இருக்கக்கூடிய எல்லை, முதலாவதற்கு 11 முதல் 102 வரை, இரண்டாவதற்கு 22 முதல் 131 வரை. வித்தியாசம் தற்செயலாக இருக்கலாம். மாநில அளவிலேயே மாதிரிப் பதிவு முறை (பிறப்பு, இறப்பு விகிதங்களை மதிப்பிடும் அரசின் ஆய்வு) மூன்று ஆண்டுகளைச் சேர்த்துத்தான் இந்த விகிதத்தை வெளியிடுகிறது. மாவட்டத்தில் ஒவ்வொரு இறப்பையும் தனித்தனியே ஆராயுங்கள். ஒப்பிடுவதற்கு, குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட் போடப்பட்ட பிரசவங்களின் விகிதம் போன்றதை எடுங்கள்.

வயதைச் சீர்ப்படுத்தாத மொத்த இறப்பு விகிதமும் ஏமாற்றும். அதை வைத்துப் பார்த்தால் பீகாரைவிடக் கேரளம் பின்தங்கியது போலத் தெரியும். கேரளத்தில் முதியோர் அதிகம் என்பதே காரணம். சிசு மரண விகிதமோ 2020-இல் ஆயிரம் பிறப்புக்குக் கேரளத்தில் 6, பீகாரில் 27.

எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டும் ஆசை பலருக்கும் வரும். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் 191 நாடுகளை அப்படி வரிசைப்படுத்தி பிரான்சுக்கு முதலிடம் தந்தது. பல நாடுகளுக்குத் தரவு இல்லாத இடங்களை மதிப்பீடுகளால் நிரப்பியதும், எடைகளை (எந்தக் குறியீட்டுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை) தேர்ந்த விதமும் கடும் விமர்சனத்துக்கு ஆளாயின. மதிப்பெண் போட்டே ஆகவேண்டுமென்றால் எடைகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வரிசை புரண்டால் அதை வெளியிடாதீர்கள்.

பத்துப் பன்னிரண்டு குறியீடு போதும். ஒவ்வொன்றுக்கும் தொகுதி, பகுதி, காலம், எந்தப் பதிவேடு, யாரைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு ஒரே நிலையத்தின் ஒரே மாதப் பதிவேட்டை இரண்டு பேரிடம் தனித்தனியே எண்ணக் கொடுங்கள். இரண்டு விடைகளும் ஒத்துவராவிட்டால் பதிவேட்டைக் குறை சொல்லாமல், எழுதிய அந்தப் பக்கத்தைத் திருத்தி மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.