பழைய வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபையர்: வாங்குவோரும் வீட்டில் செய்வோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ஃபெண்டர் நிறுவனம் 1950களில் தயாரித்த, வால்வுகளால் (கண்ணாடி வெற்றிடக் குழாய்களால்) இயங்கும் மூன்று ஆம்ப்ளிஃபையர்களைக் கிட்டார் கலைஞர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஸ்பீக்கரை இயக்கும் 6வி6 ரகப் பவர் வால்வு ஒன்றே ஒன்றில் சுமார் 5 வாட் தரும் சேம்ப் 5எஃப்1, இரண்டு 6வி6 கொண்ட டீலக்ஸ் 5இ3, நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுடன் சுமார் 40 வாட் தரும் பேஸ்மேன் 5எஃப்6-ஏ ஆகியவையே அவை. 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம்45, பேஸ்மேனின் சர்க்யூட்டைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றியது. இவற்றின் வரைபடங்கள் எளிதில் கிடைக்கின்றன, உதிரிபாகங்களும் குறைவு. ஆகவே வீட்டிலேயே செய்து பார்க்கத் துணிபவர்கள் ஏராளம். ஆனால் மெயின்ஸை ஆம்புக்கு ஏற்ற வோல்ட்டாக்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர், பவர் வால்வு, அதை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று கணக்கில் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டவை. மற்ற நான்கையும் பாராமல் ஒன்றில் மட்டும் கை வைப்பதுதான் பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம்.

எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது மின்கம்பி. அந்தக் கால அமெரிக்க ஆம்ப்கள் பல, எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்குடன் வந்தவை. மின் இணைப்பின் ஒரு முனையிலிருந்து பாகங்கள் பொருத்திய இரும்புச் சட்டமான சேஸிஸுக்கு ஒரு சிறிய கெபாசிட்டரும் வைத்திருப்பார்கள். அதற்கு ‘மரணக் கெபாசிட்டர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அது ஷார்ட் ஆகி, அந்த முனையில் ஃபேஸும் இருந்தால், சேஸிஸ் முழுவதும் மின்சாரம் பாயும். சேஸிஸிலிருந்து கிட்டார் கேபிளின் உறைக்கம்பி வழியாக அது தந்திகள் வரை வந்துவிடும். தந்தியில் கையை வைத்தபடி எர்த் செய்யப்பட்ட மைக்கில் உதடு பட்டால் உயிருக்கே ஆபத்து. ‘இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே’ என்று விட்டுவிடாமல், மூன்று முள் கம்பி போட்டு, எர்த்தைச் சேஸிஸில் தனி போல்ட்டில் இறுக்கி, அந்தக் கெபாசிட்டரைக் கழற்றிவிட வேண்டும். ஆம்பின் அசல் தன்மை கெட்டுவிடும் என்று இதைத் தள்ளிப்போடுபவர்களோடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

மலிவான சில பழைய ஆம்ப்களில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. 50எல்6, 35இசட்5 போன்ற வால்வுகளைச் சூடாக்கும் உள் இழைகளான ஹீட்டர்களை வரிசையாக இணைத்து, நேரே மெயின்ஸில் மாட்டியிருப்பார்கள். இவற்றுக்கு எர்த் கம்பி மட்டும் போதாது. மெயின்ஸிலிருந்து பிரித்துக் காக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே கூடாது. நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்க ஆம்ப் 117 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது, நம் மின்சாரமோ 230 வோல்ட். கடைகளில் கிடைக்கும் ஸ்டெப் டவுன்களில் பல ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். அவை வோல்ட்டைக் குறைக்குமே தவிர, மெயின்ஸிலிருந்து பிரித்துக் காக்காது. மேலும், 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்யப்பட்ட பவர் டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அதன் மேல் கை வைக்க முடியாத அளவு சூடு இருந்தால், அதே அளவுகளுடன் 230 வோல்ட் பிரைமரி (மின்சாரம் நுழையும் சுருள்) கொண்ட டிரான்ஸ்ஃபார்மரை மாட்டி, அசலைப் பத்திரமாக எடுத்து வைப்பதே நல்லது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைப்பது அடுத்த தவறு. இந்த ஆம்ப்களில் டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். ஸ்டாண்ட்பையில் (வால்வுகள் சூடாக இருக்க, ஒலி மட்டும் நிற்கும் நிலையில்) வைத்து அணைத்தால், வடிய வழியில்லாமல் நெடுநேரம் அப்படியே இருக்கலாம். ஸ்க்ரூட்ரைவரால் ஷார்ட் செய்வது கெபாசிட்டரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. சில வாட் திறனுள்ள ரெசிஸ்டரைக் காப்புறையிட்ட கிளிப்புகளால் மாட்டி வடியவிட்டு, மல்டிமீட்டரில் பூஜ்யத்துக்கு அருகே வந்துவிட்டதை உறுதிசெய்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

பல ஆண்டுகள் பரணில் கிடந்த ஆம்பை வாங்கிய ஆவலில் நேரே பிளக்கில் செருகுவதும் கூடாது. எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் காய்ந்துபோயிருந்தால், அவை ஷார்ட் ஆகி ரெக்டிஃபையரையும் பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்பு இதற்குப் போதும். இழையுள்ள 60 அல்லது 100 வாட் குண்டு பல்பின் வழியாக மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை, பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

வால்வு மாற்றுவதில் நடக்கும் தவறுகள் எல்லாம், சாக்கெட்டில் பொருந்துகிறது என்பதாலேயே அந்த வால்வு சரியானது என்று எண்ணுவதில் தொடங்குகின்றன. 6வி6-இன் இடத்தில் 6எல்6 உட்காரும். ஆனால் முன்னதன் ஹீட்டர் 0.45 ஆம்பியர் இழுக்க, பின்னது 0.9 ஆம்பியர் இழுக்கும், சேம்பின் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் அதற்குச் செய்யப்பட்டதல்ல. இஎல்34 என்றால் 1.5 ஆம்பியர், முதல் பின்னின் இணைப்பும் வேறு. 5ஒய்3 ரெக்டிஃபையரை எடுத்துவிட்டு ஜிஇசட்34 போட்டால், அதில் இழப்பாகும் வோல்ட் குறைவு என்பதால் பவர் வால்வின் பிளேட்டில் (மின்னோட்டத்தைப் பெறும் தகட்டில்) வோல்ட்டேஜ் ஏறி, 6வி6-உம் 450 வோல்ட் கெபாசிட்டர்களும் எல்லைக்குத் தள்ளப்படும். பவர் வால்வின் ஓய்வு நிலை மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது பயாஸ்; அதற்குத் தனி நெகட்டிவ் வோல்ட்டேஜ் தரும் பேஸ்மேன் போன்ற ஃபிக்ஸட் பயாஸ் ஆம்பில் புதிய பவர் வால்வு போட்டதும் பயாஸை அளக்காமல் வாசிப்பது வால்வின் ஆயுளைச் சூறையாடும். 6எல்6ஜிசி-யின் பிளேட் தாங்கும் சக்தி 30 வாட். அதில் 70 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது வழக்கம். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால், கணக்குப்படி ஒரு வால்வுக்குச் சுமார் 46 மில்லிஆம்பியர்தான் உச்சம்.

ஸ்பீக்கரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை வாசிப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கொல்லும் நேர்வழி: சக்தி வெளியேற இடமில்லாமல் பிரைமரியில் வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறி, காப்பை உடைக்கும் அல்லது வால்வு சாக்கெட்டில் பொறியாகப் பாயும். பேஸ்மேனில் நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்கள் பேரலலில் இணைந்து 2 ஓம் ஆகின்றன. அதில் 16 ஓம் கேபினெட்டை மாட்டுவது எட்டு மடங்கு பொருத்தமின்மை. மல்டிமீட்டரில் 6 அல்லது 7 ஓம் காட்டினால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம். 8 ஓம் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் (காயில்) நேர்மின்னோட்டத்தில் அவ்வளவுதான் காட்டும். கிட்டாருக்கும் ஆம்புக்கும் இடையில் போடும் மெல்லிய கேபிளை ஸ்பீக்கருக்குப் பயன்படுத்துவதும் வேண்டாம்.

வாட் கணக்கிலும் பலர் தடுமாறுகிறார்கள். 40 வாட் என்பது சுத்தமான ஒலிக்கான அளவு. ஆம்பை முழுவதும் திருப்பி டிஸ்டார்ஷனில் வாசிக்கும்போது அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே வெளியே வரும். 25 வாட் தாங்கும் செலஸ்டியன் கிரீன்பேக் ஒன்று டீலக்ஸுக்குப் பொருந்தும், பேஸ்மேனுக்குத் தனியாகத் தாங்காது. மறுபுறம், சேம்பின் சத்தம் போதவில்லை என்று அதன் சர்க்யூட்டைக் குடைபவர்கள், முதலில் அதை நல்ல 12 அங்குல ஸ்பீக்கரில் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வாட்டில் 97 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 100 டெசிபல் ஸ்பீக்கர் போடுவது ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம், சாலிடரிங் அயர்னையே தொட வேண்டியதில்லை.

பழைய ஜென்சன் ஸ்பீக்கரின் காகிதக் கோன் கிழிந்திருந்தால் அவசரப்பட்டுப் புதுக் கோன் போட்டுவிடாதீர்கள். சிறு கிழிசலை மெல்லிய காகிதமும் பசையும் கொண்டு ஒட்டினால் போதும். கோனையும் காயிலையும் மாற்றிய ஸ்பீக்கர் பழையபடி ஒலிப்பது அரிது. வாங்குமுன் சட்டத்தில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். 220632 என்றிருந்தால் 220 ஜென்சனைக் குறிக்கும், 6 ஆண்டின் கடைசி இலக்கம், 32 வாரம். ஆம்பின் மற்ற பாகங்களின் காலத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்தபின் விலை பேசலாம். உள்ளே, டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் அடுத்த கட்டத்துக்கு விடும் கப்ளிங் கெபாசிட்டர்களையும் பழசு என்ற ஒரே காரணத்துக்காகக் களைய வேண்டாம். பவர் வால்வே தன் பயாஸை உண்டாக்கிக்கொள்ளும் டீலக்ஸ் போன்ற கேத்தோடு பயாஸ் ஆம்பில், அந்த வால்வின் கிரிட்டில் (ஒலி நுழையும் முனையில்) நேர்மின் வோல்ட் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். அங்கே சில வோல்ட் தெரிந்தால், அந்தக் கெபாசிட்டர் கசிகிறதா என்று முதலில் சோதித்து, கசிவதை மட்டும் மாற்றினால் போதும்.

வீட்டில் செய்பவர்கள் முதல் முயற்சியிலேயே பேஸ்மேனை எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை, 5எஃப்1-இல் தொடங்குங்கள். ஹீட்டர் ஒயர்களை இறுக்கமாக முறுக்கி, சேஸிஸின் ஓரமாக, இன்புட் ஒயரிலிருந்து விலக்கிக் கொண்டுசெல்லாவிட்டால் இரைச்சல் தீராது. பிறகு பேஸ்மேனுக்குப் போகும்போது பயாஸ் கெபாசிட்டரைக் கவனியுங்கள்: அங்கே வோல்ட்டேஜ் நெகட்டிவ் என்பதால் கெபாசிட்டரின் பாசிட்டிவ் முனைதான் கிரவுண்டுக்குப் போக வேண்டும், பழக்கத்தில் மாற்றிப் போட்டால் அது வெடிக்கும், பயாஸ் இழந்த பவர் வால்வுகளும் சிவக்கும். ஒயரிங் எல்லாம் சரியாக இருந்தும் முதல் தடவை போட்டவுடன் ஆம்ப் ஊளையிட்டால், பாகங்களைப் பிடுங்கத் தொடங்க வேண்டாம். வெளியே போகும் ஒலியில் ஒரு பங்கை முந்தைய கட்டத்துக்கு எதிர்த்திசையில் திருப்பித் தரும் நெகட்டிவ் ஃபீட்பேக் தலைகீழாக வந்திருக்கலாம். ஆம்பை அணைத்து, கெபாசிட்டர்களை வடியவிட்டு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி முனைகளை இடம் மாற்றிப் பாருங்கள். பேஸ்மேனில் பவர் வால்வுகளின் பிளேட்டுக்குப் போகும் இரண்டு ஒயர்கள் அவை. டீலக்ஸ் 5இ3-இல் அந்த ஃபீட்பேக்கே கிடையாது. அங்கே ஊளை கேட்டால் ஒயர்கள் செல்லும் பாதையைத்தான் ஆராய வேண்டும்.